ஒரு கார்ட்டூன் தொடரில் கலை எங்கே இருக்கிறது?

சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் இருக்கும் தம்பி ஒருவர் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு அனிமேஷன் படிக்க மனுப் போட்டிருக்கிறார். அவர் கேட்டது இது: "அண்ணே, ஒரு கார்ட்டூன் தொடர் கலையாகவே சிறந்தது என்று எதை வைத்துச் சொல்வது? கிராபிக்ஸ் நன்றாக இருந்தால் போதும் என்கிறார்கள் கூட்டாளிகள். நல்ல கருத்து இருக்க வேண்டும் என்கிறார் அம்மா. நேர்முகத் தேர்வில் இந்தக் கேள்வி வரும் என்கிறார்கள். நான் என்ன சொல்வது?"

தம்பி, கிராபிக்ஸை வைத்துச் சொல்ல முடியாது. இன்றைக்குக் கண்ணைப் பறிக்கிற கணினிப் படம் பத்து வருஷத்தில் பழசாகிவிடும். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் வந்த முப்பரிமாணத் தொடர்களை இப்போது போட்டுப் பார், முகத்தோல் எல்லாம் பிளாஸ்டிக்காகத் தெரியும். ஆனால் 1970களில் கையால் வரைந்த சில தொடர்கள் இன்னும் புதிதாக இருக்கின்றன. கருத்தை வைத்தும் சொல்ல முடியாது. பொய் சொல்லாதே, ஒற்றுமையாக இரு என்று மட்டமான தொடரும் சொல்கிறது. அம்மா கேட்பது பிள்ளை வளர்ப்புக்கு வேண்டிய கேள்வி, அது நியாயம்தான். உன்னிடம் கேட்கப்போவது வேறு கேள்வி.

நான் சில காலம் ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சிகளை முன்கூட்டியே கட்டம் கட்டமாகக் காட்டும் படங்கள், வரைந்தவன் என்பது உனக்குத் தெரியும். அந்த வேலை கற்றுக்கொடுத்ததை வைத்து இரண்டு விஷயம்தான் பார்ப்பேன். எடுத்தவர்கள் எதையாவது உண்மையிலேயே கூர்ந்து பார்த்திருக்கிறார்களா? பார்த்ததில் எதற்கு உழைப்பைக் கொட்டினார்கள், எதை விட்டுவிட்டார்கள்?

இரண்டாவதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் தொலைக்காட்சித் தொடரைச் சினிமாவிலிருந்து பிரிப்பதே அதுதான். ஒரு வினாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படம். ஒரு ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும் வினாடிக்கு 12 ஓவியம் வேண்டும். 22 நிமிட அத்தியாயத்துக்குக் கணக்குப் போட்டால் 15,840 ஓவியம். அதுவும் திரையில் ஒரே ஓர் ஆள் அசைந்தால்தான் இந்தக் கணக்கு. நாலு பேர் வந்தால் எங்கேயோ போய்விடும். சினிமாக்காரர்கள் ஒன்றரை மணி நேரப் படத்துக்கு மூன்று நாலு வருஷம் எடுத்துக்கொள்ளலாம். தொடருக்கு வாரம் ஒன்று வேண்டும். ஆகவே எந்தத் தொடரிலும் எல்லாமே முழுசாக அசைவதில்லை. கை அசையும், உடம்பு நிற்கும். வாய் அசையும், முகம் நிற்கும்.

யோகி கரடி கழுத்தில் காலரும் டையும் மாட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்திருப்பாய். ஹன்னா-பார்பெரா நிறுவனம் அதை அழகுக்காக மட்டும் போடவில்லை. காலர் இருந்தால் தலையை மட்டும் தனியாக அசைக்கலாம், உடம்பை மறுபடி வரைய வேண்டாம், ஒட்டுப்போட்ட இடமும் தெரியாது. ஜப்பானில் ஒசாமு தெசுகா 1963-இல் 'அஸ்ட்ரோ பாய்' தொடரை வாராவாரம் கொண்டுவந்தபோது இன்னும் கடுமையாகச் சிக்கனம் பிடித்தார். ஓர் ஓவியத்தை மூன்று பிரேமுக்கு நிறுத்துவது, முன்பு வரைந்ததை வேறு காட்சியில் திரும்பப் போடுவது, அசையாத படத்தின் மேல் கேமராவை மட்டும் நகர்த்துவது. பஞ்சத்தில் பிறந்த பழக்கம்தான். ஆனால் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அதையே ஒரு மொழியாக வளர்த்துவிட்டார்கள். அசையாத முகத்தை மூன்று வினாடி அப்படியே வைத்தால் பார்க்கிறவன் அந்த முகத்துக்குள் எதையோ தேட ஆரம்பிக்கிறான். அது கைவந்துவிட்டால் சிக்கனம் என்று யாருக்கும் தோன்றாது.

ஒரு தொடரைப் பார்க்கும்போது, அசையாமல் நிற்கிற இடங்களைக் கவனி. காசு தீர்ந்ததால் நிற்கிறதா, நிற்க வேண்டும் என்பதால் நிற்கிறதா? கொஞ்ச நாள் பார்த்தால் வித்தியாசம் தானாகத் தெரியும். கணினியில் செய்தாலும் இதே கதைதான். அங்கே தண்ணீர், தலைமுடி, ஈரத்துணி, கூட்டம் எல்லாம் விலை கூடின சரக்கு. எதை வாங்குவது என்று யாரோ உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள்.

அடுத்தது கூர்ந்து பார்ப்பது. எனக்கு இதுதான் முக்கியம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1974-இல் இசாவோ தகஹாத்தா 'ஹைடி' தொடரை இயக்கினார். 52 அத்தியாயம். ஆல்ப்ஸ் மலையில் தாத்தாவிடம் வளரும் ஓர் அனாதைச் சிறுமியின் கதை. மந்திரம் இல்லை, சண்டை இல்லை, ரோபோ இல்லை. வேலையைத் தொடங்கும் முன்பு தகஹாத்தாவும், லேஅவுட், அதாவது ஒவ்வொரு காட்சியின் அமைப்பையும் வரைந்த ஹயாவோ மியாசாக்கியும், பாத்திரங்களை வடிவமைத்த யோய்ச்சி கொத்தாபேயும் சுவிட்சர்லாந்துக்கே போய் மலையையும் வீடுகளையும் பார்த்துவிட்டு வந்தார்கள். முதல் அத்தியாயத்தில் அந்தச் சிறுமி உடுப்புக்கு மேல் உடுப்பாக மாட்டிக்கொண்டு மலை ஏறுவாள். புழுக்கம் தாங்காமல் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளுடுப்போடு ஓடுவாள். கதையாகச் சொன்னால் அரை வரி. ஆனால் எத்தனை அடுக்கு, எந்தக் கையை முதலில் உருவுவாள், சுமை குறைந்ததும் ஓட்டம் எப்படி மாறும் என்று யோசித்து வரைந்திருக்கிறார்கள். அவள் யார் என்று நமக்கு அங்கேயே தெரிந்துவிடுகிறது.

இதை உன் கண்ணால் பார்க்க ஆல்ப்ஸ் போக வேண்டாம். ஊருக்கு வெளியே செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிற ஆளைப் பார். நீளமான கம்பு, நுனியில் அரிவாள். இழுப்பதற்கு முன்னால் ஒரு தடவை கீழே தரையைப் பார்ப்பார், குலை எங்கே விழும், தான் எங்கே ஒதுங்குவது என்று. காலை மாற்றி வைப்பார். அப்புறம்தான் இழுப்பார். குலை விழுந்ததும் ஒருமுறை குதித்துவிட்டு உடனே நின்றுவிடும், பந்து மாதிரி துள்ளாது, ஏனென்றால் அது கனம். தள்ளுவண்டியில் ஏற்றும்போது முதுகு முதலில் வளைகிறதா, முழங்கால் முதலில் மடிகிறதா என்று பார். அசைவுக்கு முன் வரும் ஆயத்தம், கனம், அசைவு முடிந்தபின் வரும் தளர்ச்சி என்று கல்லூரியில் உனக்கு மூன்று பாடமாக நடத்தப்போவது எல்லாம் அந்த ஓர் ஆளிடம் இருக்கிறது. பழைய ஆட்கள் பால்மரம் வெட்டியதும் அப்படித்தான். வெட்டுக்கோடு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே சரியும். கத்தி இறங்க இறங்க ஆளும் மரத்தைச் சுற்றிப் பக்கவாட்டில் நகர்வார், கை மட்டும் போகாது. உன் பாட்டியிடம் வெறுங்கையால் செய்து காட்டச் சொல். கால் இன்னும் மறந்திருக்காது.

சிலம்பம் தெரிந்தவனுக்கு 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' ஏன் அவ்வளவு பிடிக்கிறது என்று யோசித்திருக்கிறாயா? 2005 முதல் 2008 வரை 61 அத்தியாயம் வந்த தொடர். அதில் நீர், மண், நெருப்பு, காற்று ஆகியவற்றை ஆளும் மனிதர்கள் வருகிறார்கள், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சீனத் தற்காப்புக் கலை. நீரை ஆள்பவர்களின் அசைவு தாய் சியிலிருந்து வந்தது. மண்ணை ஆள்பவர்கள் ஹுங் கார், நெருப்பு வடக்கு ஷாவ்லின், காற்று பாகுவா. சிஃபு கிசு என்ற ஆசிரியர் அசைவுகளைச் செய்துகாட்ட, அதைப் பார்த்து வரைந்தார்கள். தோஃப் என்ற கண் தெரியாத பெண்ணும் மண்ணைத்தான் ஆள்கிறாள். ஆனால் அவளுக்கு மட்டும் தெற்குக் கும்பிடுபூச்சி முறை என்று வேறொரு பாணியைக் கொடுத்தார்கள், ஏனென்றால் அவள் மற்ற மண்காரர்களிடம் படித்தவள் இல்லை. காலால் தரையைத் தொட்டு உலகத்தைத் தெரிந்துகொள்பவள். ஆகவே யார் சண்டை போடுகிறார்கள் என்று நிழலை மட்டும் வைத்தே சொல்லிவிடலாம். ஒருவருடைய குணம் அவர் கால்வைப்பிலேயே தெரிய வேண்டும். நம் கோயில் திடலில் சிலம்பம் சொல்லித்தரும் வாத்தியார் புதுப் பையனின் கையைப் பார்க்க மாட்டார், காலைத்தான் பார்ப்பார். அவர் கண்ணோடு இந்தத் தொடரைப் பார்.

தோற்றத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், இதை உன் ஆசிரியர்கள் நிறையவே சொல்வார்கள். 'அழகு' என்று ஒன்று தனியாக இல்லை. தொடர் தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டு அதைக் கைவிடாமல் காப்பாற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். 1992-இல் வந்த பேட்மேன் தொடரில் பின்னணிகளைக் கறுப்புத் தாளில் வரைந்தார்கள். வழக்கமாக வெள்ளைத் தாளில் நிழலைச் சேர்ப்பார்கள். இங்கே இருட்டு முதலிலேயே இருக்கிறது, வெளிச்சத்தைத்தான் சேர்க்க வேண்டும். அந்த ஊரில் நியாயம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதைத் தாளே சொல்லிவிடுகிறது. 2001-இல் கெண்டி தார்தகோவ்ஸ்கி 'சாமுராய் ஜாக்' தொடரில் பாத்திரங்களைச் சுற்றி இருக்கும் கறுப்புக் கோட்டையே எடுத்துவிட்டார். ஆள் வெறும் நிறமாக, நிலத்தோடு நிலமாக நிற்பான். நிமிஷக்கணக்கில் பேச்சே இருக்காது. 2021-இல் பாரிஸின் ஃபோர்திஷ் ஸ்டூடியோ செய்த 'ஆர்கேன்' முப்பரிமாணம்தான், ஆனால் முகத்தின் மேல் தூரிகைத் தடம் தெரியும்படி கையால் தீட்டியிருக்கிறார்கள். கூட்டாளிகள் கிராபிக்ஸ் என்று சொல்வது இதைத்தான் என்றால், அந்த அளவுக்கு அவர்கள் சொல்வதும் சரி. கணினி தானாகக் கொடுத்த மினுக்கத்தை எடுத்துவிட்டு மனிதக் கையைத் திரும்பக் கொண்டுவந்ததால்தான் அது நிற்கிறது.

சத்தத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் குரலை முதலில் பதிவு செய்துவிட்டு அதற்கு வரைவார்கள். ஜப்பானில் பெரும்பாலும் படம் வந்தபிறகு குரல். முதல் முறையில் நடிகரின் மூச்சு ஓவியத்துக்குள் போகிறது, இரண்டாவதில் ஓவியத்தின் தாளத்துக்கு நடிகர் போகிறார். எது உயர்த்தி என்று சண்டை போட ஒன்றும் இல்லை, ஆனால் எது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் நிறையப் புரியும்.

ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனில் செய்யும் 'புளூயி' 2018-இல் தொடங்கியது. ஓர் அத்தியாயம் ஏழு நிமிஷம். நாய்க்குடும்பம், சின்னப் பிள்ளைகளுக்கானது. அது உனக்கு வேண்டாம் என்று தள்ளிவிடாதே. 'மழை' என்ற அத்தியாயத்தில் ஏறக்குறைய வசனமே இல்லை. குட்டி வீட்டுப் பாதையில் ஓடும் மழைத்தண்ணீரைக் கையாலும் காலாலும் அணை கட்டி மறிக்கப் பார்க்கிறது, அம்மா ஈரக்கால் தடத்தைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போகிறாள். இசைதான் முழுக்கப் பேசுகிறது. பெருமழையில் வீட்டு முன்னால் இருக்கும் லோங்காங்கில், அந்தச் சாக்கடைக் கால்வாயில், நாம் எல்லோரும் செய்தது. 'ஸ்லீப்பிடைம்' என்ற இன்னோர் அத்தியாயத்தில் குட்டி கனவில் கோள்களுக்கு இடையே மிதக்கிறது. கஸ்டவ் ஹோல்ஸ்ட் எழுதிய வியாழன் கோளுக்கான இசை பின்னால் வருகிறது. தூக்கத்தில் பிள்ளை அம்மாவின் படுக்கைக்கு வருவது, போவது, உதைப்பது, இவ்வளவுதான் நிஜத்தில் நடக்கிறது. ஒரு வீட்டு இரவை வான்வெளி அளவுக்குப் பெரிதாக்கி, பிறகு அந்த வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்த ஏழு நிமிஷம். கடந்த சில வருஷத்தில் தொலைக்காட்சியில் நான் பார்த்த மிக நல்ல வேலைகளில் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன்.

தொடருக்கு மட்டும் இருக்கும் ஒரு செல்வம், காலம். அவதாரில் ஐரோ என்ற கிழவர் இரண்டு பருவம் முழுக்கத் தேநீரும் வேடிக்கைப் பேச்சுமாகத் திரிவார். 2006-இல் வந்த ஓர் அத்தியாயத்தில் சில நிமிஷம் மட்டும் அவருக்கு. ஊரில் அழும் பிள்ளைக்குப் பாட்டுப் பாடுவார், திருட வந்தவனுக்கு நின்று பாடம் சொல்லித்தருவார். கடைசியில் ஒரு மேட்டில் போய் இறந்துபோன மகனின் படத்தை வைத்து அதே பாட்டைப் பாட முயன்று உடைந்துபோவார். படமாக எடுத்திருந்தால் இதற்கு முன் அரை மணி நேரம் அவரைப் பற்றி விளக்க வேண்டியிருக்கும். இங்கே விளக்கம் வேண்டாம், நாம் அவரோடு முப்பது அத்தியாயத்துக்கு மேல் இருந்துவிட்டோம். அவருக்குக் குரல் கொடுத்த மாகோ அந்த வருஷம் ஜூலையில் இறந்துபோனார், அந்தப் பகுதியை அவருக்கே காணிக்கையாக்கினார்கள். ஒவ்வொரு வாரமும் பாத்திரம் பழையபடி முதல் இடத்துக்குத் திரும்பிவிடுகிற தொடரால் இப்படி ஒரு நிமிஷத்தைக் கொடுக்கவே முடியாது. அதற்காக அந்த வகைத் தொடர்கள் எல்லாம் மட்டம் என்று சொல்லவில்லை. அவற்றின் பலம் தாளத்திலும் சிரிப்பிலும் இருக்கிறது.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். நேர்முகத்தில் இதையும் கேட்பார்கள், கேட்காவிட்டாலும் நீ சொல். மலேசியாவின் முதல் அனிமேஷன் குறும்படம் 'ஹிக்காயாட் சாங் கஞ்சில்'. அரசின் திரைப்பட நிறுவனமான பிலிம் நெகாராவில் அரங்க வடிவமைப்பாளராக இருந்த ஆனந்தம் சேவியர் செய்தது. 1978-இல் முடித்த படம் 1983-இல்தான் ஒளிபரப்பானது. அது தொடர் இல்லை, குறும்படம்தான். ஆனால் இந்தத் துறையின் வாசலில் நம்மவர் ஒருவர் பெயர் இருக்கிறது. தமிழ்ப்பள்ளிகளில் யாரும் இதைச் சொல்லித்தருவதாக நான் கேள்விப்பட்டதில்லை. நீயாவது தெரிந்துகொள்.

கார்ட்டூன் ஓவியர் லாட் தன் கிராமத்துச் சிறுவயதைப் பற்றி வரைந்த 'கம்போங் பாய்' புத்தகம் 1979-இல் வந்தது. அவர் கோப்பெங் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர், ஈப்போவைத் தாண்டினால் வந்துவிடும் ஊர். அதே பெயரில் வந்த தொடர் 26 அத்தியாயம். அசைவு வேலை பெரும்பாலும் பிலிப்பீன்ஸில் நடந்தது. பேய் இருப்பதாக நம்பும் ஓர் ஆலமரத்தைப் பற்றிய 'ஓ! தோக்' அத்தியாயத்துக்கு 1999-இல் பிரான்சின் அன்சி அனிமேஷன் விழாவில் சிறப்புப் பரிசு கிடைத்தது. லாட்டின் கோடு கோணல்மாணலானது. மூக்கு பெரிசு, முடி பரட்டை, யாரும் அழகில்லை. வெளிநாட்டுக்காரனுக்குப் பிடிக்க வேண்டும் என்று அதை நேராக்காமல் விட்டதில் அந்தத் தொடரின் துணிச்சல் இருக்கிறது. கைலியை மடித்துக் கட்டும் விதம், வீட்டுக்கு அடியில் கோழி, ஆற்றங்கரை என்று எல்லாம் பேராக் மாநிலத்து மண். நமக்குச் சொல்லாமலே புரிகிறது.

'உப்பின் இப்பின்' 2007-இல் ரமலான் மாதத்துக்காகத் தொடங்கியது. உன் வயதுக்காரர்களுக்கு அதுதான் வீட்டுத் தொடர். அதன் கலை பேச்சில் இருக்கிறது என்பது என் எண்ணம். பிள்ளைகள் ஒரே சொல்லை இரண்டு மூன்று தடவை சொல்வது, ஜர்ஜிட் எதற்கெடுத்தாலும் 'டுவா தீகா' என்று பாந்துன் என்னும் மலாய்ப் பாட்டுக் கட்டுவது, மெய் மெய் பெரிய மனுஷி போல் கண்டிப்பது, காதில் வாங்கி எழுதின எழுத்து அது. இரட்டையர்களான உப்பினும் இப்பினும் பெற்றோரை இழந்தவர்கள், ஓப்பா என்று அழைக்கப்படும் பாட்டியும் அக்காவும் வளர்க்கிறார்கள். தொடர் அதை வைத்து அழவைக்கப் பார்ப்பதில்லை, நான் அதை மதிக்கிறேன். ஆனால் அதில் வரும் நம்மவர்களான ராஜுவையும் அங்கிள் முத்துவையும் அந்தத் தொடர் வாசலில் நின்றுதான் பார்க்கிறது. ஓப்பாவின் அடுக்களை எனக்கு மனப்பாடம், ராஜு வீட்டு அடுக்களை தெரியாது. 'போபோய்பாய்' தொடரில் கோபால் எல்லோருக்கும் பிடித்த பையன், பொருளைத் தின்பண்டமாக மாற்றும் சக்தி உள்ளவன், பயந்தாங்கொள்ளி. சிரிக்க வைக்கிறான். அவன் தனியாக இருக்கும்போது எப்படி இருப்பான் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கூர்ந்து பார்த்த இடமும் போகிறபோக்கில் பார்த்த இடமும் ஒரே தொடருக்குள்ளேயே பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் என்று காட்டுகிறேன். லயத்தையும், விடிவதற்கு முன் பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவதையும், ஆயாக் கொட்டகையையும் லாட் தன் கிராமத்தைப் பார்த்த மாதிரி பார்த்து வரைந்த தொடர் ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஆட்கள் தாமானுக்கு வந்துவிட்டார்கள், அதைப் பார்த்தவர்கள் இன்னும் நம் ஊரில் இருக்கிறார்கள். இது உனக்குக் கிடைத்திருக்கும் சரக்கு.

நேர்முகத்தில் 'சிறந்த தொடருக்கு ஐந்து அம்சங்கள்' என்று ஒப்பிக்காதே. உனக்குப் பிடித்த தொடரிலிருந்து ஒரு முப்பது வினாடியை எடுத்துக்கொள். முதலில் சத்தத்தை அடைத்துவிட்டுப் பார், அப்புறம் திரையைப் பார்க்காமல் கேள், அப்புறம் இரண்டையும் சேர்த்து. எது அசைகிறது, எது அசையவில்லை, எங்கே உழைப்பைக் கொட்டியிருக்கிறார்கள், ஏன் என்று சொல். தொடர் பெரியதாக இருக்க வேண்டியதில்லை. உப்பின் இப்பினில் ஒரு சோற்றுத்தட்டுக் காட்சியை இப்படிப் பிரித்துச் சொன்னால் அது போதும். கூடவே ஒரு வாரம் செம்பனைக் காட்டுப் பக்கம் போய் வெட்டுகிறவர்களை வரை. முகம் வேண்டாம், முதுகும் காலும் மட்டும், பென்சிலில், வேகமாக. அவர்களிடம் முதலில் கேட்டுவிட்டு நில், குலை விழும் பக்கம் நிற்காதே. சனிக்கிழமை காலையில் நான் வீட்டில்தான் இருப்பேன். வரைந்ததை எல்லாம் கொண்டு வா, எந்தப் பக்கங்களை எடுத்துப் போகலாம் என்று உட்கார்ந்து பிரித்துவிடலாம்.